கடலாடலும் சுற்றமும்: கடலாடு காதையையும் மாமல்லபுரத்து மாசிமகக் கூடுகையையும் முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று தங்கும் வழக்கம் தமிழ் இலக்கியத்தில் ‘கடலாடல்’ என்னும் பெயரில் பதிவாகியுள்ளது. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையும் அதன் முதன்மைச் சான்றுகள். இன்று செங்கல்பட்டு உள்ளிட்ட வடதமிழக மாவட்டங்களின் இருளர் குடும்பங்கள் மாசிமகத்தையொட்டி மாமல்லபுரம் கடற்கரையில் கூடித் தங்குகின்றன. முன்னதை இன்ப விளையாட்டு என இலக்கிய ஆய்வும், பின்னதை வழிபாடு என நாட்டார் வழக்காற்றியலும் தனித்தனியே வாசித்து வருகின்றன. இப்பிரிப்பு பனுவலுக்கும் வழக்குக்கும் பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கடலாடலின் மையம் ‘சுற்றம்’ என்பதும், கோவலனின் கடலாட்டு பிரிவில் முடிவதற்கும் இருளரின் கடலாட்டு மணத்தில் முடிவதற்கும் உள்ள வேறுபாடு அம்மையத்தைத் தெளிவாக்குகிறது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: கடலாடல், கடலாடு காதை, பட்டினப்பாலை, நெய்தல், இருளர், மாசிமகம், மாமல்லபுரம், சிங்கப்பெருமாள் கோவில்.

முன்னுரை

சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில், மறைமலைநகருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே அமைந்துள்ள ஊர் சிங்கப்பெருமாள் கோவில். சிறு குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட நரசிம்மர் குடைவரையால் பெயர் பெற்ற இவ்வூர், இன்று இரண்டு திசைகளுக்கு மக்களை அனுப்பும் சந்திப்பாக விளங்குகிறது. மேற்கே செல்லும் சாலை ஒரகடத்தின் தொழிற்சாலைகளுக்கும் திருப்பெரும்புதூருக்கும் இட்டுச் செல்கிறது. தெற்கே செங்கல்பட்டை அடைந்து கிழக்கே திரும்பும் சாலை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக் கடலை அடைகிறது. செங்கல்பட்டிலிருந்து அக்கடற்கரை ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது.

இச்சாலையில் ஆண்டுதோறும் இருவகைக் குடும்பப் பயணங்கள் நிகழ்கின்றன. தை மாதத்தில் காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு கடற்கரைக்குச் சென்று அந்தியில் திரும்புவது ஒன்று. மாசி மாதத்தில் பாய், பாத்திரம், கழி, பழம்புடவை ஆகியவற்றோடு சென்று மணலிலேயே சில நாட்கள் தங்கித் திரும்புவது மற்றொன்று. முதலாவது புறநகர்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. இரண்டாவது, காட்டாங்கொளத்தூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டாரங்களில் ஏரிக்கரைகளையும் காட்டோரங்களையும் ஒட்டி வாழும் இருளர்க்கு உரியது. முதலாவதைச் சுற்றுலா என்றும் இரண்டாவதைத் திருவிழா என்றும் வழங்குவது இயல்பாகிவிட்டது. இவ்விரு சொற்களும் தோன்றுமுன் தமிழில் இவ்விரண்டையும் ஒருங்கே குறிக்க ஒரு சொல் இருந்தது. அச்சொல்லின் வழியாக இக்கூடுகையை வாசிப்பதும், அவ்வாசிப்பின் ஒளியில் இலக்கியப் பனுவலை மீளப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலாடல்: சொல்லும் வழக்கும்

‘ஆடு’ என்னும் வினை நீராடுதல், விளையாடுதல், கூத்தாடுதல் என்னும் மூன்று பொருளையும் தாங்குவது. ஆகவே ‘கடலாடுதல்’ என்ற சொல்லிலேயே தூய்மைச் சடங்கும் விளையாட்டும் பிரியாமல் நிற்கின்றன. இது சொல்லளவில் நிற்கும் செய்தியன்று. பனுவல்களும் இதனை உறுதிசெய்கின்றன.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரின் ஓய்வுநாள் ஒன்றைக் காட்டுகிறது. முழுநிலவு நாளில் அவர்கள் மீன்வேட்டைக்குச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வணங்குகின்றனர். தம் பெண்டிரோடு கூடி உண்டும் ஆடியும் மகிழ்கின்றனர். அடுத்து, காவிரி கடலொடு கலக்குமிடத்தில் தீமை நீங்கக் கடலில் ஆடுவதும், உப்பு நீங்க நன்னீரில் படிவதும், நண்டுகளை அலைக்கழிப்பதும், அலையில் துள்ளுவதும், மணற்பாவை செய்வதும் ஒரே தொடரில் அடுக்கப்படுகின்றன. தீவினை நீங்க நீராடுதல் எங்கு முடிகிறது, நண்டோடு விளையாடுதல் எங்குத் தொடங்குகிறது எனப் புலவர் கோடு கிழிக்கவில்லை. உரையாசிரியரும் ஆய்வாளரும் பின்னர் கிழித்த கோடு அது.

இப்பகுதியில் கவனிக்கத்தக்க மற்றொரு கூறு தொழிலொழிவு. பரதவரின் ஓய்வு, தெய்வத்தின் பெயரால் பெறப்படும் ஓய்வாக உள்ளது. வழிபாடு அங்கு விடுமுறைக்கான உரிமையாகச் செயற்படுகிறது. இக்கூறு கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய மயிலாப்பூர்ப் பதிகம், ஆண்டு முழுவதும் அவ்வூரில் நிகழும் விழாக்களை வரிசைப்படுத்தும்போது மாசி மாதத்துக் கடலாட்டையும் சேர்க்கிறது. மாமல்லபுரம் அமைந்துள்ள அதே கடற்கரையின் வடபகுதியில், பல்லவர் காலத்திலேயே மாசிக் கடலாட்டு ஊரறிந்த வழக்காக இருந்தமைக்கு இது சான்று. எனினும் இச்சான்றைக் கொண்டு இன்றைய இருளர் கூடுகை பல்லவர் காலம் தொட்டு அறுபடாது வருவது எனக் கூற இயலாது. ஒரு மாதமும் ஒரு கடற்கரையும் ஒத்திருப்பது மட்டும் மரபுத்தொடர்ச்சிக்குப் போதிய சான்றாகாது. இங்கு ஒப்பிடப்படுவது வழக்கின் வடிவமே; வழித்தோன்றல் உறவு இங்கு வலியுறுத்தப்படவில்லை.

கடலாடு காதை காட்டும் கடற்கரை

புகார்க் காண்டத்தின் ஆறாவது காதையாகிய கடலாடு காதை, விழா முடிந்தபின் உவவு நாளில் கடலை நோக்கிச் செல்லும் மக்கள் திரளைக் காட்டுகிறது. கடல் விளையாட்டைக் காண விரும்பிய மாதவியோடு கோவலனும் செல்கிறான். அவன் அத்திரியிலும் அவள் வையத்திலும் ஏறி, கடைவீதி கடந்து இருள் புலராப் பொழுதில் கானலை அடைகின்றனர்.

அங்கு இளங்கோவடிகள் முதலில் காட்டுவது விளக்குகளை. சாந்தும் மலரும் விற்போர், கம்மியர், மோதகம் விற்போர், அப்பம் சுடுவோர், கள் விற்கும் பெண்டிர், மீன் விற்போர், கடலில் திமிலேறிய பரதவர், வேற்றுமொழி நாட்டினர், பண்டங்காப்போர் ஆகியோர் ஏற்றிய விளக்குகளும் கலங்கரை விளக்கமும் அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. தூவிய வெண்சிறுகடுகும் தெரியும் அளவுக்கு அக்கடற்கரை ஒளிர்வதாகப் பனுவல் கூறுகிறது. இப்பட்டியல் நெய்தலின் அழகை வருணிப்பதாகவே பெரும்பாலும் பாராட்டப்படுகிறது. ஆயின் இவை அனைத்தும் பணியிலிருப்போரின் விளக்குகள் என்பது கருதத்தக்கது. ஒருவரது விடுமுறைக் கடற்கரை மற்றொருவரது வேலைக்களமாக இருப்பதைக் காதை மறைக்கவில்லை. ஆனால் அவ்வுழைப்போர் விளக்குகளாகவே தோன்றுகின்றனர். அவர்களின் முகம் காட்டப்படுவதில்லை.

அடுத்து வருவோர் தங்குவோர். அரச குமரர் தம் உரிமைச் சுற்றத்தோடும், வணிக குமரர் தம் ஆயத்தோடும், ஆடல் மகளிரும் பாடல் மகளிரும் தத்தம் எழினி சூழவும் இடம் கொள்கின்றனர். கரிகாலன் புதுப்புனல் விழவின் முதல்நாளோடு இக்காட்சி ஒப்பிடப்படுகிறது. நால்வகை வருணத்தாரின் அடங்காத ஆரவாரம் ஒருங்கே ஒலிப்பதாகவும் கூறப்படுகிறது. கோவலனும் மாதவியும் தாழை வேலிக்குள், புன்னை நிழலில், புதுமணற் பரப்பில், ஓவிய எழினி சூழ்ந்து மேற்கட்டி கட்டிய இடத்தில் அமர்கின்றனர்.

இக்காட்சியிலிருந்து கடலாடலின் வடிவத்தை மூன்று கூறுகளாக வகுக்கலாம். முதலாவது காலம்: முழுநிலவு நாள். இரண்டாவது இடம்: கழியும் துணியும் கொண்டு மணலில் எழுப்பும் தற்காலிக உறைவிடம். மூன்றாவது மாந்தர்: உடன்வரும் சுற்றம். இம்மூன்றும் கூடும்போது கடலாடல் முழுமை பெறுகிறது. கோவலனிடம் முதலிரண்டும் உள்ளன, மூன்றாவது இல்லை.

சுற்றமில்லாக் கடலாட்டு

கடலாடு காதைக்கும் கானல்வரிக்கும் எழுந்த திறனாய்வுகள் பெரும்பாலும் ஊழையும் இசையையும் மையமாகக் கொண்டவை. யாழிசைமேல் வைத்து ஊழ்வினை வந்து உருத்தது என்ற விளக்கம் பனுவலே தருவதாகும். எனினும் கடற்கரை ஏன் அப்பிரிவுக்குரிய களமாயிற்று என்னும் வினா அவ்விளக்கத்தால் தீர்வதில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதால் பிரிவு அங்கு நிகழ்ந்தது எனக் கூறுவது திணையிலக்கணப்படி சரியானதே. ஆனால் அதே கானலில் அதே இரவில் அரச குமரர் சுற்றத்தோடு மகிழ்ந்திருந்தனர் என்பதையும் காப்பியம் கூறியுள்ளது. அவர்கள் பிரிந்ததாகக் காப்பியத்தில் குறிப்பில்லை.

கோவலனின் எழினிக்குள் அமர்ந்திருப்போர் இருவரே. உறவினர் இல்லை, இருவரும் ஒருவரையொருவர் ஐயுறும்போது இடைநின்று தணிப்பார் எவருமில்லை. ஒருவர் பாட, மற்றவர் அப்பாட்டில் வேறொருவரை ஐயுறுகிறார். ஏவலாளர் சூழக் கோவலன் எழுந்து செல்ல, மாதவி தனியே வையமேறி மனை புகுகிறாள். அவர்கள் பாடும் வரிப்பாடல்களில் நுளையர் மகளிர் திரும்பத் திரும்ப வருவதும் இங்குப் பொருளுடையது. கடற்கரைக்கு உரியோர் அங்கு உவமையாகவும் பாட்டுடைத் தலைவியராகவும் மட்டுமே இடம் பெறுகின்றனர்.

கண்ணகி இக்கடற்கரைக்கு அழைத்து வரப்படவில்லை. தமிழின் முதற்காப்பியத்துத் திருப்புமுனை, மனைவி அழைக்கப்படாத ஒரு கடற்கரைப் பயணத்தில் நிகழ்கிறது. பின்னர், கனாத்திறம் உரைத்த காதையில் தேவந்தி அவளுக்கு மற்றொரு கடலோர நீராட்டைப் பரிந்துரைக்கிறாள். காவிரி கடலொடு கலக்கும் துறையருகே சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழும் மகளிர் கணவரைக் கூடி இன்புறுவர் என்பது அவள் கூற்று. கண்ணகி அதனைப் பீடன்று என மறுக்கிறாள். கற்பின் திண்மைக்குச் சான்றாகவே இம்மறுப்பு மேற்கோள் காட்டப்படுகிறது. கடலாடலின் நோக்கிலிருந்து பார்த்தால் வேறொரு பொருளும் புலப்படும். விளையாட்டுக்கென ஒரு கரைக்கு அழைக்கப்படாதவள், நோன்புக்கென அதன் அருகே தனித்துச் செல்ல இசையவில்லை. விளையாட்டையும் நோன்பையும் கணவனுக்கும் மனைவிக்குமாகப் பிரித்தளித்த ஒரு குடும்ப அமைப்பின் பிளவு இவ்விரு காட்சிகளிலும் வெளிப்படுகிறது. பட்டினப்பாலையின் பரதவர் பெண்டிரோடு ஒரே மணலில் வணங்கியும் ஆடியும் கழித்த நாளோடு இதனை ஒப்புநோக்குதல் தகும்.

மாசிமகத்து மணல்

மாசிமகத்தையொட்டி மாமல்லபுரத்தில் கூடும் இருளர் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து வருகின்றனர். கடற்கரைக் கோயிலை ஒட்டிய மணற்பரப்பில் கழிகளை நட்டு, புடவைகளையும் போர்வைகளையும் கட்டிக் குடில் அமைக்கின்றனர். ஒரே ஊரினர், ஒரே வழியினர் அருகருகே குடிலிடுவதால் சில நாட்களுக்கு அம்மணலில் உறவுமுறையே தெருவமைப்பாகிறது. முழுநிலவு இரவு கழிந்து விடியும் வேளையில் அலைவிளிம்பில் மணலைக் கூட்டிப் படி அமைத்து, பூவும் மஞ்சளும் இட்டு, கன்னியம்மனை எழுவர் கன்னியராக வழிபடுகின்றனர். பூசாரியின் மேல் அம்மன் இறங்கிக் குறி சொல்கிறாள். குழந்தைகளுக்கு முடியிறக்குதல், காது குத்துதல், பெண் பார்த்தல், மணம் பேசுதல், தாலி கட்டுதல் ஆகியன அதே கரையில் நிகழ்கின்றன. அன்றே தலசயனப் பெருமாள் கோயிலின் தீர்த்தவாரியும் அக்கடலில் நடைபெறுகிறது.

கடலாடு காதையிலிருந்து வகுத்த மூன்று கூறுகளும் இங்கு உள்ளன. உவவு நாள் உள்ளது, எழினி புடவையாக உள்ளது, சுற்றம் நிறைந்துள்ளது. முடிவுகளின் வேறுபாடே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. இணையராக வந்து பிரிந்து செல்வது கோவலனின் கடலாட்டு. பிரிந்து வாழ்ந்தோர் வந்து இணைந்து செல்வது இருளரின் கடலாட்டு. ஏரிக்கரைக்கு நான்கைந்து குடிசைகளாகச் சிதறி வாழும் ஒரு சமூகத்திற்கு, மணவுறவுக்கு உரியோரைக் காணவும் முறை அறியவும் மூத்தோர் முன் உடன்பாடு செய்யவும் ஆண்டுக்கு ஒரு களம் தேவைப்படுகிறது. அக்களமாகக் கடற்கரை அமைகிறது. ஆகவே இங்கு நிகழும் மணம் விழாவுக்கு வந்த இடத்தில் நிகழும் துணைச்செயலாகாது. விழா நிகழ்வதற்கான காரணங்களுள் முதன்மையானதாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

குழந்தைகள் அலையில் ஆடுவதும், வளையற்கடையில் நிற்பதும், இராட்டினம் ஏறுவதும், இரவில் நிலவொளியில் ஆடிப்பாடுவதும் இக்கூடுகையின் பகுதிகளே. வழிபாட்டுச் சடங்குகளை நுணுகி எழுதும் ஆய்வுகள் இவற்றைப் புறக்கூறுகளாக ஒதுக்குவதுண்டு. நண்டாட்டத்தையும் தீவினை நீக்கத்தையும் ஒரே தொடரில் வைத்த உருத்திரங்கண்ணனார் இவ்வகையில் இன்றைய ஆய்வாளரினும் நுட்பமான பார்வையுடையவர் எனலாம்.

திணைக்கோட்பாடும் வந்துசெல்வோரும்

இவ்விரு கடலாட்டுகளும் ஒருங்கே வாசிக்கப்படாமைக்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, நெய்தலின் கருப்பொருட் பட்டியல். பரதவர், நுளையர், அளவர் என அங்கு வாழ்வோரை மட்டுமே அது எண்ணுகிறது. ஆண்டுதோறும் வந்துசெல்வோர்க்கு அதில் இடமில்லை. ஆனால் தொல்காப்பியம் திணைமயக்கத்தை விலக்கவில்லை. நிலம் மயங்குவதை மட்டுமே மறுக்கிறது. காட்டோரத்து மக்கள் நெய்தல் மணலில் சில நாள் வாழ்ந்து, கடலைக் கடலாகவே விட்டு மீளும் வழக்கு இந்நெகிழ்ச்சிக்குள் அடங்குவதே. அதனை விதிவிலக்காகக் கருத வேண்டியதில்லை.

இரண்டாவது, துறைப்பிரிவு. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் தொட்டு இருளர் காட்டோடு பிணைத்தே எழுதப்பட்டு வருகின்றனர். காட்டு மக்கள் கடலுக்கு வருவது அப்பார்வைக்கு விந்தையாகத் தோன்றுகிறது. பாம்பு பிடித்தலைத் தொழிலாகக் கொண்ட இருளர்க்கென 1978இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்திற்கு அருகே, கடலோர ஊராகிய வடநெம்மேலியில் இயங்குவது, காட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்நிலப்பரப்பு முழுவதும் அவர்களின் புழங்குவெளி என்பதைக் காட்டும்.

மூன்றாவது, மாமல்லபுரத்தை இறந்தகாலமாகக் காணும் இலக்கியப் பார்வை. கல்கி ‘சிவகாமியின் சபதம்’ நாவலின் கரு தோன்றிய சூழலை அதன் முன்னுரையில் விவரித்துள்ளார். ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரம் கடற்கரையில் நிலவொளியில் அமர்ந்திருந்தபோது பல்லவர் காலத்து மாந்தர் அவர் கற்பனையில் எழுந்தனர். அக்கற்பனையின் ஆற்றல் பெரிது. தமிழ் வாசகர் பல தலைமுறையாக மாமல்லபுரத்தை அதன் வழியே கண்டனர். ஆயின் நிலவு பொழியும் அம்மணல் மன்னரும் சிற்பியரும் மட்டுமே உலவும் மணலாக நிலைபெற்றபோது, ஆண்டுதோறும் அதே நிலவில் அங்குக் குடிலிடுவோர் இலக்கியத்தின் பார்வைக்கு வெளியே நின்றனர். இதனைக் கல்கியின் குறையாகக் கொள்வதினும், அவர் வரைந்த காட்சியையே முழுமையெனக் கொண்ட வாசிப்பின் குறையாகக் கொள்வதே பொருத்தமுடையது. 1984இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்ட பின் இவ்வூர் காணத்தக்க இடமாக மேலும் உறுதிப்பட்டது. காண வருவோர்க்கும் தங்க வருவோர்க்கும் உள்ள வேறுபாடும் அதனோடு கூர்மை பெற்றது. இருளரின் குடில்கள் ஒளிப்படக் கலைஞர்களுக்குக் காட்சிப்பொருளாகும்போது, கடலாடு காதையின் விளக்குப் பட்டியல் வேறு வடிவில் திரும்புகிறது: ஒளி தெரிகிறது, முகம் தெரிவதில்லை.

விடுப்பு எனும் உரிமை

‘விடுமுறை’ என்னும் சொல், விடுவிப்பார் ஒருவர் உண்டு என்பதை உள்ளடக்கியது. செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டு உழைத்த குடும்பங்களில் இருளர் பெருந்தொகையினர் என்பது, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்ட பின்னரும் நிகழ்ந்துவரும் மீட்புகளால் அறியப்படுகிறது. மாசி சூளைவேலை மும்முரமாக நடைபெறும் வறண்ட பருவம். அப்பருவத்தில் குடும்பத்தோடு சில நாட்கள் வேலையிடத்தை நீங்குவது எளிதன்று. கன்னியம்மனின் அழைப்பு என்பது அங்கு நம்பிக்கையாக மட்டும் நில்லாமல், வேலை வாங்குவோரிடம் முன்வைக்கத்தக்க நியாயமாகவும் அமைகிறது. பட்டினப்பாலையின் பரதவர் சுறாக்கொம்பை நட்டு வேட்டை ஒழிந்த நாளும் இத்தன்மைத்தே. வழிபாடு வேறு, ஓய்வு வேறு எனப் பிரிக்கும் ஆய்வு, உழைப்போர் ஓய்வைப் பெறும் வழியையே காணத் தவறுகிறது.

இருளர் தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடியினர் என வகைப்படுத்தப்பட்ட ஆறு பிரிவினருள் ஒருவர். 2021 நவம்பரில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நேரில் வந்து வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். நிலையான மனைக்கான உரிமை இத்துணைத் தாமதமாக வந்துசேரும் ஒரு சமூகத்திற்கு, ஆண்டுக்குச் சில நாட்கள் கேட்பாரின்றிக் குடிலிட்டுத் தங்க இயலும் மணல் எத்தகைய பொருளுடையது என்பது எண்ணத்தக்கது. அரண்களும் வேலிகளும் விடுதிகளும் கடற்கரையைச் சுருக்கிவரும் சூழலில், ‘வழிபாட்டு மரபு’ என்ற வகைப்பாடு மட்டும் அம்மணலுக்குப் போதிய காப்பாகாது. வழிபாட்டிற்கு ஒரு மணிநேரமும் ஒரு மேடையும் போதும் என அதற்கு எளிதில் விடை கூறிவிடலாம். தங்குதல் இக்கூடுகையின் உள்ளுறுப்பு என்பதை ஆய்வுலகம் முதலில் ஏற்றல் வேண்டும்.

முடிவுரை

கடலாடல் என்பது உள்நாட்டு மக்கள் முழுநிலவு நாளில் சுற்றத்தோடு கடற்கரையில் தற்காலிகமாகக் குடியிருக்கும் வழக்கு. வழிபாடும் விளையாட்டும் உறவாக்கமும் அதில் பிரிவின்றிக் கலந்துள்ளன. பட்டினப்பாலை அக்கலப்பைக் காட்டுகிறது. சிலப்பதிகாரம் சுற்றம் நீங்கிய கடலாட்டு எவ்வாறு சிதையும் என்பதைக் காட்டுகிறது. மாமல்லபுரத்து மாசிமகக் கூடுகை, சுற்றத்தை மையமாகக் கொண்ட கடலாட்டு என்ன ஆக்கும் என்பதை இன்றும் காட்டி வருகிறது. மூன்றையும் ஒருங்கே வாசிப்பதால் இருளர் வழக்கு தொன்மைப் பெருமை பெறுகிறது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அவ்வழக்கை அறிந்தபின் கடலாடு காதையில் இதுவரை அலங்காரமாகக் கருதப்பட்ட ‘உரிமைச் சுற்றம்’ என்னும் சிறுதொடர் காப்பியத்தின் போக்கை விளக்கும் திறவுகோலாகிறது என்பதே இங்குக் கண்ட முடிபு.

சிங்கப்பெருமாள் கோவில் போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்து கடலுக்குச் செல்லும் குடும்பங்களின் பயணவழி, குடிலமைப்பு, பாடல், மணவுறவு ஆகியன அம்மக்களின் சொற்களிலேயே தொகுக்கப்படும்போது நெய்தல் பற்றிய ஆய்வு மேலும் விரிவடையும். அத்தொகுப்புப் பணியை இருளர் சமூகத்துக் கல்வியாளரே முன்னின்று செய்தல் சாலச் சிறந்தது.